படம் பார்ப்பதா, வேண்டாமா: விசுவாசிகள் சறுக்கும் இடங்கள்

"இந்தப் படத்தைப் பார்க்கலாமா?" என்று ஒரு கிறிஸ்தவ விசுவாசி கேட்டால், பெரும்பாலும் அவர் எதிர்பார்ப்பது ஒரு பட்டியல். இது சரி, அது தப்பு என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதி. வேதத்தில் அப்படிப் பட்டியல் எதுவும் இல்லை. "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 14-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் அந்தப் பொறுப்பை நம் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறார். நாமோ அதை வேறு யார் தலையிலாவது கட்டிவிடப் பார்க்கிறோம். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் கைக்கு அகப்படுவது தணிக்கைச் சான்றிதழ். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எந்த வயதுக்காரர் பார்க்கலாம். ஹாலிவுட்டில் 1968 முதல் இருக்கும் வயதுவாரி முத்திரை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வன்முறை எவ்வளவு, வசவு எவ்வளவு, உடலுறவுக் காட்சி உண்டா என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. படம் எதை நல்லது என்று நம்பச் சொல்கிறது என்பது அதன் கணக்கில் வராது. கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டிய 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' 2004-இல் வந்தபோது, கொடூரக் காட்சிகளுக்காக 'ஆர்' முத்திரை வாங்கியது. அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் போக முடியும். சபை சபையாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததும் அதே படத்தைத்தான். யூத இனப்படுகொலையைக் காட்டிய 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்துக்கும் அதே 'ஆர்' முத்திரைதான். சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் அது இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. பணம்தான் வாழ்க்கை என்று இரண்டரை மணி நேரம் பிரசங்கிக்கும் படம், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற முத்திரையோடு வரலாம்.

சான்றிதழை நம்பாதவர்கள் அடுத்துச் செய்வது எண்ணுவது. எத்தனை முத்தம், எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை கொலை. சிறு பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்து அளந்தால் 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரமே தேறாது. தாவீது ராஜா மாடியிலிருந்து குளிக்கிற பெண்ணைப் பார்க்கிறான், ஆள் அனுப்பி அழைத்துவரச் சொல்கிறான், கடைசியில் அவள் கணவனைக் கொல்ல வைக்கிறான். காமம், துரோகம், கொலை மூன்றும் இருக்கின்றன. ஆனால் சொல்லியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். 27 வசனங்களில், பார்த்ததிலிருந்து சேர்ந்தது வரை மூன்றே வசனத்தில் முடிந்துவிடுகிறது. மீதி ஏறக்குறைய முழுவதும் அதை மூடி மறைக்க தாவீது போடும் திட்டங்கள்தான். தன் மரண ஓலையைத் தானே கையில் வாங்கிக்கொண்டு போகிறான் அவள் கணவன் உரியா. நமக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. தாவீதின் பக்கம் நிற்க வாசகனுக்கு இடமே கிடைக்காது. தாவீது செய்தது கர்த்தருக்குப் பொல்லாததாய்த் தோன்றியது என்றுதான் அதிகாரம் முடிகிறது.

ஆகவே என்ன காட்டுகிறார்கள் என்பதோடு எப்படிக் காட்டுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கள்ளக்காதல் கதையை ஒருவர் எடுத்தால், உடைந்த வீட்டில் அப்பா எங்கே என்று கேட்கும் பிள்ளையின் மேல் கேமரா நிற்கும். இன்னொருவர் எடுத்தால் படுக்கையை விட்டு நகராது. யார் ஜெயிக்க வேண்டும் என்று படம் நம்மை ஆசைப்பட வைக்கிறது? படம் முடிந்து எழும்போது எதன் மேல் நமக்கு ஏக்கம் வருகிறது? எண்ணிக்கையில் அகப்படாதவை இவை.

இதைக் கிறிஸ்தவர்கள் யோசிக்காமல் இல்லை. ஹாலிவுட்டின் 1930-ஆம் ஆண்டு நெறிமுறைத் தொகுப்பை எழுதியவர்கள் ஒரு கத்தோலிக்கப் பத்திரிகை அதிபரும் ஒரு இயேசு சபைக் குருவும். பார்ப்பவரின் அனுதாபம் பாவத்தின் பக்கம் சாயக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. நல்ல விதிதான். 1934 முதல் கறாராகவும் நடைமுறைப்படுத்தினார்கள். ஆனால் அதே தொகுப்பு, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலையும் திரையில் காட்டக் கூடாது என்று தடுத்தது. படுக்கையறைக் கதவைக் கவனமாகச் சாத்தியவர்களுக்கு அது உறுத்தவே இல்லை.

நமக்கும் அந்த வியாதி உண்டு. முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடுகிறோம். கடைசி அரை மணி நேரம் கதாநாயகன் வில்லனின் ஆட்களை வரிசையாக வெட்டிச் சாய்க்கும்போது, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டுகிறோம். "பழிவாங்குதல் எனக்குரியது" என்ற வசனம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வருவதே இல்லை. குண்டானவர், திக்கிப் பேசுகிறவர், கறுப்பான பெண் என்று ஆளைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் நகைச்சுவையை "குடும்பத்தோடு பார்க்கலாம், ஆபாசம் இல்லை" என்று பரிந்துரைக்கிறோம். என்னைக் கேட்டால், சபைகளில் அதிகம் கவனிக்கப்படாத தவறு இதுதான். கிறிஸ்தவப் படம் என்ற பெயர் இருந்தால் போதும், கேள்வி கேட்காமல் விடுவதும் இதற்குப் பக்கத்து வீடு. ஜெபித்தவுடன் வேலை, கல்யாணம், பணம் எல்லாம் வரிசையாக வந்து சேரும் கதை எவ்வளவு சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தாலும் நீதிமானாயிருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புத்தகத்தோடு ஒத்துப்போகாது.

"என்னை அது ஒன்றும் செய்யாது" என்பது அடுத்தது. ஆதித் திருச்சபையின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான அகஸ்டின் தன் 'அறிக்கைகள்' நூலில் நண்பன் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்கிறார். ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்த அலிப்பியுஸுக்கு வாள்வீரர் சண்டை என்றாலே வெறுப்பு. நண்பர்கள் அரங்கத்துக்கு இழுத்துப் போகிறார்கள். உடம்பைத்தானே இழுத்துப் போக முடியும், கண்ணையும் மனதையும் முடியுமா என்று சவால் விட்டுப் போய் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொள்கிறான். ஒருவன் அடிபட்டு விழ, கூட்டம் ஓவென்று கத்துகிறது. என்னதான் நடந்தது என்று கண்ணைத் திறக்கிறான். அவ்வளவுதான், இரத்தத்தைப் பார்த்த கண்ணைத் திருப்ப முடியவில்லை. பிறகு அவனே மற்றவர்களை அங்கே கூட்டிப்போகும் ஆளாகிவிடுகிறான். அலிப்பியுஸ் பின்னாளில் ஆயரானார் என்பது வேறு கதை. அவர் நம்பியது தன் மன உறுதியை. கூட்டத்தின் சத்தம் அதைக் கவிழ்த்தது. நம்மில் ஒருவருக்கு இரத்தம், ஒருவருக்கு ஆடம்பரம், இன்னொருவருக்கு உடல் என்று பலவீனம் மாறும். ஆபாசத்தோடு போராடி வெளியே வந்தவருக்கு, விருது வாங்கிய கலைப்படம்கூட வேண்டாத படமாக இருக்கலாம். நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது அவருக்குப் பதில் ஆகாது.

வசனத்தை ஆயுதமாக வீசுவதும் நடக்கிறது. சினிமாவே கூடாது என்பவர்கள் 1 கொரிந்தியர் 15:33-ஐ எடுப்பார்கள்: "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்." வேடிக்கை என்னவென்றால், அந்த வரி கிரேக்க நகைச்சுவை நாடக ஆசிரியர் மெனாண்டருடையது என்று சொல்லப்படுகிறது. பவுல் ஏதென்ஸில் மார்ஸ் மேடையில் பேசியபோதும் புறஜாதிக் கவிஞர் அராட்டஸின் வரியை எடுத்தாண்டார். அதற்காக எதையும் பார்க்கலாம் என்று ஆகிவிடாது. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு" என்ற பாதியோடு நிறுத்திக்கொள்பவர்கள், "ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்ற மீதியை விழுங்கிவிடுகிறார்கள்.

நம் முடிவை அடுத்தவருக்குச் சட்டமாக்குவதும் தவறு, நம் சுதந்திரத்தை அடுத்தவர் முன் கொண்டாடுவதும் தவறு. எதைச் சாப்பிடலாம் என்ற சச்சரவைப் பேசும் ரோமர் 14 இரண்டு பக்கமும் வெட்டுகிறது: சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ண வேண்டாம், சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம். வாலிபர் ஐக்கியத்தில் ஒரு படத்தைப் போடும் முன் யாருக்காவது இடறலாகுமா என்று தனியாகக் கேட்டுவிடலாம். எல்லார் முன்னாலும் கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள்.

அப்புறம், முடிவே எடுக்காமல் பார்ப்பது. இரவு பதினோரு மணிக்கு, களைத்துப் போய், ஒரு எபிசோடு முடிந்து அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும்போது உண்மையானதையும் கற்புள்ளதையும் சிந்தியுங்கள் என்கிற பிலிப்பியர் 4:8-ஐ யாரும் யோசிப்பதில்லை. தானாக ஓடும் வசதியைச் செயலியின் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். எதைப் பார்ப்பது என்று பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். தியேட்டரில் பாதியில் மனது ஒப்பவில்லை என்றால் எழுந்து வாருங்கள், போன காசு போகட்டும். கூட வந்தவர்கள் காரணம் கேட்டால் "எனக்கு ஒத்துவரவில்லை" என்றால் போதும். அவர்களையும் எழுப்பிக் கூட்டிவர வேண்டியதில்லை.