பழைய சுங்கானை மினுக்கத் தொடங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை டொக்யாட்டில் வேலை பார்த்த குடும்பங்கள் திருகோணமலையில் ஏராளம். அந்தக் காலத்தில் புகையிலை புகைத்த பிரையர் மரச் சுங்கான்கள் தாத்தாமாரின் பெட்டிகளிலிருந்து பேரப்பிள்ளைகளின் கைக்கு இன்றும் வருகின்றன. வந்தவுடன் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, இதைப் புதுசு மாதிரி மினுக்க என்ன செய்யவேணும்?" பிழை அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. பழைய சுங்கானின் பெறுமதி அதன் முதிர்ந்த நிறத்திலும் தேயாத விளிம்பிலும் தண்டில் உள்ள பொறிப்பிலும் இருக்கிறது. மினுக்கத்தை நாளைக்கும் ஏற்றலாம். இவற்றில் எதையும் திரும்ப வைக்க முடியாது.

சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடாது, வாளித் தண்ணீரில் ஊறவிடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கவனமாக வேலை செய்பவர்களே விழுகிற இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ட்ரில் மிசினில் பொலிஷ் சில்லு மாட்டுவது

எல்லாவற்றிலும் அதிகமாக நட்டம் தருவது இதுதான். திரும்பத் திரும்பச் சொல்லியும் நடந்துகொண்டே இருக்கிறது.

பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற செடியின் வேர்முண்டு. முண்டை வெட்டி, பல மணிநேரம் கொதிநீரில் அவித்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே செதுக்குவார்கள். செதுக்கிய மரத்துக்குப் பூசும் சாயம் மேற்பரப்பில் மிக மெல்லிய அளவுக்குத்தான் இறங்கும். அதற்கு மேல் கைச்சூடும், கையின் எண்ணெயும், கிண்ணத்துக்குள் எரியும் புகையிலையின் வெப்பமும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆழ்ந்த செம்மையைக் கொடுத்திருக்கும். அந்த முதிர்ந்த நிறமும் அதே மெல்லிய படையில்தான் இருக்கிறது. தண்டின் பக்கத்தில் உள்ள பொறிப்புக்கும் ஆழம் அதிகமில்லை.

ஹாட்வெயார் கடையில் வாங்கும் சாதாரண ட்ரில் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு அருகில் ஓடும். அதில் பஞ்சுச் சில்லை மாட்டி, ட்ரிபோலி என்ற மண்ணிறக் கட்டியைத் தடவி, சுங்கானை அழுத்துகிறார்கள். ட்ரிபோலியைப் பொலிஷ் என்று நினைப்பதுதான் சிக்கல். அது மரத்தை அரித்தெடுக்கும் பொருள். முதல் அரை நிமிடத்தில் கிண்ணம் கண்ணாடிபோல மினுங்கும். அதைக் கண்ட மகிழ்ச்சியில் இன்னும் அழுத்துவார்கள். அதற்குள் எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கிவிடும். கிண்ணத்தின் வாய் விளிம்பு உருண்டுபோகும். மேடான இடங்களில் சாயம் அகன்று வெளிறிய திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுகளை மறைக்கத் தோல் சாயம் வாங்கி மேலே பூசுவார்கள். நிறம் ஒரே சீராக வரும். ஆனால் அது கடைச் சாயம். பழைய நிறத்தோடு அதற்கு ஒரு உறவும் கிடையாது.

உவர்மலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கொண்டுவந்த வளைந்த சுங்கானை உதாரணமாகச் சொல்கிறேன். புகையை மேலண்ணம் நோக்கி விடும்படி துளை மேற்பக்கம் பார்த்திருந்த வாய்க்குழலை வைத்து அது அயர்லாந்தின் பீட்டர்சன் நிறுவனத்துச் சுங்கான் என்று அறிய முடிந்தது. பீட்டர்சன் சுங்கான்களின் காலத்தைச் சொல்வது பெரும்பாலும் தண்டில் உள்ள நாட்டுப் பெயர்தான். 1922 முதல் 1937 வரை அது ஐரிஷ் சுதந்திர அரசு. அதன் பிறகு எய்ரே. 1949 முதல் அயர்லாந்துக் குடியரசு. பொறிப்பு மாறிய ஆண்டை வைத்துச் சுங்கானின் வயதைக் கணிக்கலாம். இவருடைய சுங்கானில் மிஞ்சியிருந்தது "லாண்ட்" என்ற கடைசித் துண்டு மட்டும். காலத்தை உறுதியாகச் சொல்ல அது போதாது. பீட்டர்சனுக்கு லண்டனிலும் பட்டறை இருந்ததால் அது அயர்லாந்தா இங்கிலாந்தா என்பதுகூடத் தெரியவில்லை. சில்லுக்கு முன் எடுத்த படமும் இல்லை. சுங்கான் மட்டும் நன்றாக மினுங்கியது. இங்கிலாந்தின் டன்ஹில் நிறுவனத்துச் சுங்கான்களிலும் இதே கதைதான்: நாட்டுப் பெயரின் கடைசி எழுத்தை ஒட்டியிருக்கும் சிறிய எண்தான் ஆண்டைக் காட்டும். முதலில் தேய்ந்துபோவதும் அந்த எண்தான்.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, பொறிப்பைத் தெளிவாகப் படம் எடுங்கள். பொறிப்பின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, கிண்ணத்தைச் சிறு சிறு பகுதியாகத் துடையுங்கள். துணியில் கறுப்பு அழுக்கு வரும்வரை துடைக்கலாம். செம்மை வரத் தொடங்கினால் அது சாயம். அந்த இடத்தில் உடனே நிறுத்துங்கள். டேப்பை மெதுவாக உரித்துவிட்டு ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைப் பயறளவு எடுத்து மிக மெல்லிதாகப் பூசி, பத்து நிமிடம் கழித்துக் காய்ந்த துணியால் தேயுங்கள். பெரும்பாலான பழைய சுங்கான்களுக்கு இவ்வளவே போதும்.

பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கடினமான கார்னௌபா மெழுகுதான் வேண்டும் என்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அது உருகுவது 82 முதல் 86 பாகை செல்சியஸில். கையால் எவ்வளவு தேய்த்தாலும் பரவாது. மிசின் தேவைப்படுவது அதனால்தான். அப்படியென்றால் வேகத்தைக் குறைக்கக்கூடிய மிசினும், தையல் குறைந்த தளர்ந்த பஞ்சுச் சில்லும் எடுங்கள். அந்தச் சில்லில் ட்ரிபோலி ஒருபோதும் பட்டிருக்கக்கூடாது. சில்லின் கீழ்ப்பாதியில் மட்டும் சுங்கானைத் தொடவிட்டு, ஒரே இடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் நிற்காமல் நகர்த்துங்கள். பொறிப்புக்குக் கிட்டப் போகவே வேண்டாம். கீழே பழைய மெத்தை ஒன்றை விரித்து வையுங்கள். சில்லு சுங்கானைப் பறித்து நிலத்தில் அடிப்பது அடிக்கடி நடக்கும். சொரசொரப்பாகச் செதுக்கிய கிண்ணமாக இருந்தால் கார்னௌபாவை விட்டுவிடுங்கள். குழிகளில் வெள்ளையாகக் கட்டிவிடும், ஊசியால் குத்தித்தான் எடுக்கவேண்டி வரும்.

பச்சை பூத்த குழலை ப்ளீச்சில் போடுவது

பழைய வாய்க்குழல்கள் பெரும்பாலும் எபொனைட். றப்பருடன் கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய பொருள் அது. வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு மாறி, பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வரும். பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தகம் மணத்தால் எபொனைட். மணக்காமல், நிறமும் மாறாமல் இருந்தால் அக்ரிலிக்காக இருக்கலாம். அதற்கு இந்த வைத்தியம் எதுவும் தேவையில்லை.

ப்ளீச் அந்தப் பச்சையைப் போக்கத்தான் செய்யும். கூடவே மேற்பரப்பைக் குழிகுழியாக அரித்துவிடும். அதைச் சமப்படுத்த ஆழமாகத் தேய்க்க வேண்டியிருக்கும். பல் படும் இடத்தில் குழல் மெலிந்துபோகும். ஈர அரத்தாளே சரியான வழி: 600, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக, ஒவ்வொரு தாளிலும் முந்திய தாளின் கீறல் மறையும்வரை. படியைத் தாண்டினால் கடைசியில் வெயிலில் பார்க்கும்போது கீறல் தெரியும். பிறகு 800க்குத் திரும்பவேண்டும். முடிந்ததும் மினரல் எண்ணெய் ஒரு துளி. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் சிக்கு மணம் வரும்.

நிறம் மாறவே கூடாது என்றால் சுங்கானை இருட்டில் வையுங்கள். காலை வெயில் விழும் கண்ணாடி அலுமாரி எபொனைட்டுக்கு எதிரி.

குழலைக் கழற்றித் தனியாக உரஞ்சுவது

தண்டும் குழலும் சந்திக்கும் விளிம்பு உருண்டுவிடும். பொருத்திய பிறகு நகத்தால் தடவினால் பள்ளம் தட்டும். மாட்டியபடியே, தண்டுக்கு டேப் சுற்றிவிட்டு உரஞ்சுங்கள்.

மாரி காலத்தில் முளையைத் தேய்ப்பது

வாடை தொடங்கி மழை பிடித்தால் மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். தண்டின் துளை இறுகும், வாய்க்குழலின் முளை உள்ளே போகாது. உடனே அரத்தாளை எடுத்து முளையைச் சுற்றித் தேய்த்துவிடுகிறார்கள். அன்றைக்கு நன்றாகப் பொருந்தும். ஆறேழு மாதத்தில் கச்சான் காற்று வீசி மரம் காய்ந்தவுடன் அதே குழல் தொளதொளத்து, குனிந்தால் விழும்.

மாரியில் இறுகினால் பென்சில் கரியை முளையில் தடவுங்கள். நேராகக் குத்தாமல், ஒரே திசையில் திருகியபடி செலுத்துங்கள். அதற்கும் போகாவிட்டால் தை மாதம் கழியும்வரை பொறுங்கள். விறைப்பாக இருக்கும்போது பலவந்தம் செய்தால் வெடிப்பது தண்டு. கிண்ணம் சூடாக இருக்கும்போது கழற்றினாலும் அதே வெடிப்புத்தான்.

உப்பும் சாராயமும்

கிண்ணத்தில் உப்பை நிரப்பி, மதுசாரம் ஊற்றி, ஒரு இரவு வைத்துப் பழைய வாடையை எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. நிலாவெளி உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே எல்லோரும் அதைச் செய்கிறார்கள். உப்பு வேண்டாம். ஒரு சிறு துகள் தண்டுக்குள் தங்கினாலும் எங்கள் கடற்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பஞ்சு அதே வேலையைச் செய்யும்.

சாராயப் போத்தலில் பாதிக்கு மேல் தண்ணீர், மரம் பருத்துவிடும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் மெதனோல் உண்டு, அது நஞ்சு; வாயில் வைக்கும் பொருளுக்கு ஆகாது. உணவுத் தரத்தில் 95 வீதம் எதனோல் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். முதலில் உட்புறக் கரியை ஒரு மில்லிமீற்றர் கனத்துக்குக் குறைத்து, பஞ்சை நிரப்பி, விளிம்புக்கு ஒரு சென்றிமீற்றர் கீழே நிற்கும்படி துளித்துளியாக ஊற்றுங்கள். வெளியே வழிந்தால் பட்ட இடத்தில் சாயம் போய்விடும். மறுநாள் பஞ்சு கபில நிறமாக வரும். இரண்டு நாள் உலரவிடுங்கள்.

வாய் விளிம்பைத் தட்டையாகத் தேய்ப்பது

விளிம்பில் இருப்பது பெரும்பாலும் தார்ப் படிவு, எரிந்த மரம் அல்ல. எச்சில் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தால் வந்துவிடும். தேய்த்தால் கிண்ணத்தின் உயரம் குறையும், வடிவமே கெடும்.

வார்னிஷ்

பூசாதீர்கள். சூட்டில் கொப்பளிக்கும்.

மீர்ஷாமை வெளுக்க வைப்பது

மீர்ஷாமிலும் சுங்கான் செதுக்குவார்கள். துருக்கியின் எஸ்கிசெஹிரில் வெட்டியெடுக்கும் இந்த வெண்கனிமம் புகைக்கப் புகைக்கத் தேன் நிறத்துக்கு வருவதுதான் அதன் அழகு. அதைச் சுரண்டி வெள்ளையாக்குவது பெரிய அநியாயம். நனைந்தால் மெதுமையாகும், தண்ணீரும் கூடாது.

வெள்ளி வளையத்துக்குப் பற்பசை

வளையத்தில் உள்ள சிறு முத்திரைகளில் ஓர் எழுத்து ஆண்டைக் குறிக்கும். பற்பசை உராயும் பொருள். சில தடவையில் அந்த எழுத்து மங்கும். வெள்ளி துடைக்கும் துணியால், முத்திரையை விட்டுச் சுற்றித் துடையுங்கள். துடைத்த சில வாரத்திலேயே மறுபடி கறுக்கிறது என்றால் கடற்காற்றை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்: எபொனைட் குழலிலிருந்து வரும் கந்தகமும் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கம்பளித் துணியும் அதையே செய்யும். பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் போகும் பெட்டியில் வையுங்கள்.