கப்பலை வெட்டிவிட்டுச் சட்டம் போடாதீர்கள்

கடலோவியப் பிரிண்ட்டுகளுக்குச் சட்டம் போடப் பழகுகிற புதியவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. கற்றுக்கொண்ட காலத்தில் நாங்கள் எல்லாரும் அடித்த அதே கூத்துகள். கண்ணாடியைத் துடைக்காமல் மாட்டுவது, ஆணியைக் கோணலாக அடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை இரண்டாவது சட்டத்திலேயே சரியாகிவிடும். கைக்காசைத் தின்கிற தவறுகள் வேறு.

சட்டத்தை முதலில் வாங்குவது

ரெடிமேட் சட்டங்கள் 16×20, 18×24, 24×36 அங்குலம் என்று சில அளவுகளில்தான் வருகின்றன. ஓவியர்கள் இந்த அளவுகளைக் கேட்டுக்கொண்டு வரையவில்லை.

சில ஓவியங்கள் தற்செயலாகப் பொருந்திவிடும். டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த ‘ஃபைட்டிங் டெமெரேர்’ ஏறக்குறைய 3:4 விகிதம், 18×24இல் உட்கார்ந்துவிடும். ஐவசோவ்ஸ்கியின் ‘ஒன்பதாம் அலை’ 221×332 செ.மீ., அதாவது 2:3, அதற்கு 24×36. ரெம்பிராண்ட் 1633இல் வரைந்த கலிலேயாக் கடல் புயல் நெடுக்குப் படம், 160×128 செ.மீ.; அதற்கு 16×20 கச்சிதம். (அந்த ஓவியம் 1990இல் பாஸ்டனின் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோனது. வெற்றுச் சட்டத்தை மட்டும் இன்னும் மாட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்ன!)

இந்தப் பொருத்தத்தைப் பார்த்துவிட்டு எல்லாமே இப்படித்தான் என்று நினைப்பதில்தான் வினை. வின்ஸ்லோ ஹோமரின் ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ 1899ஆம் ஆண்டு ஓவியம், 71.4×124.8 செ.மீ. நல்ல அகலம். பாய்மரம் முறிந்த படகில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார், சுற்றிலும் சுறாக்கள். வலப்பக்கம் தூரத்தில் கடலையும் மேகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற சுழல்காற்றுத் தூண். இடப்பக்க அடிவானத்தில் மங்கலாக ஒரு பாய்க்கப்பல். அந்தக் கப்பல் அவரைப் பார்த்ததா, பார்க்காமலே போகிறதா என்பதுதான் படம் முழுவதும் நம்மை அரிக்கிற கேள்வி.

பட்டறைக்குத் தொழில் கற்க வந்த தம்பி ஒருவர் இந்தப் படத்துக்கு 18×24 சட்டத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார். அதை நிரப்ப வேண்டுமானால் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசியை வெட்ட வேண்டும். சுழல்காற்று அழகாக இருக்கிறதே என்று அதைக் காப்பாற்றி, வெட்டு முழுவதையும் இடப்பக்கமே போட்டுவிட்டார். வேலை சுத்தம், மூலைகள் நூல் பிடித்த மாதிரி. படம் போய்ச் சேர்ந்தது ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவருக்கு, பரிசாக. பிரித்துப் பார்த்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அடிவானத்துல ஒரு கப்பல் இருக்குமே, அது எங்கே தம்பி?”

பிரிண்ட், மவுண்ட் (படத்தைச் சுற்றி விடுகிற அட்டை விளிம்பு), கண்ணாடி எல்லாம் மறுபடியும். முதலில் செய்ததை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. இத்தனைக்கும் அதே 18×24 சட்டத்திலேயே இதை ஒழுங்காகச் செய்ய வழி இருந்தது. படத்தை 20 அங்குல அகலத்தில் பிரிண்ட் போட்டால் உயரம் சுமார் பதினொன்றரை வரும். இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம், மேலும் கீழும் மூன்றேகால் அங்குலம் மவுண்ட் விட்டால் முடிந்தது. படம் சிறிதாகிவிடுமே என்பார்கள். ஆகட்டும், முழுசாக இருக்குமல்லவா?

வெட்ட மனம் வராமல் படத்தை இழுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. சுறாக்கள் உப்பிப்போய் மிதக்கும். கேன்வாஸில் போடுகிறவர்கள் ஓரத்தை மடித்துக் கட்டையில் சுற்றும்போது இதே வெட்டு நாலு பக்கமும் விழுகிறது. அதற்குத் தனியாக விளிம்பு விட்டுத்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். மவுண்ட் இல்லாமல் போட்டால் சட்டத்தின் உதடே பக்கத்துக்குக் கால் அங்குலம் மறைக்கும். ஓவியரின் கையெழுத்து பெரும்பாலும் கீழ் மூலையில்தான் இருக்கும்.

கண்ணாடி பிரிண்ட்டைத் தொடுவது

ஈரம் உள்ளே வியர்த்தால் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் புயல் வானம் பாதி கண்ணாடியோடு வந்துவிடும். இடையில் மவுண்ட் அல்லது ஸ்பேசர் (இடைவெளி விடுகிற மெல்லிய பட்டை) கட்டாயம். மவுண்ட் போர்டு அமிலமற்றதாக இருக்கட்டும். மலிவானது சில வருஷத்தில் விளிம்பெல்லாம் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

நாலு பக்கமும் டேப்

பிரிண்ட்டை மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் காகிதம் விரியும், சுருங்கும். நாலு பக்கமும் கட்டிப்போட்டால் வரையப்பட்டது அமைதியான கடல் என்றாலும் அலை எழும்.

ஜன்னலுக்கு எதிரே மாட்டுவது

இருண்ட கடல், கறுத்த மேகம் உள்ள படங்களில் கப்பல் தெரியாது, ஜன்னலும் உங்கள் முகமும்தான் தெரியும். எதிரொளி குறைக்கும் கண்ணாடி உதவும், ஆனால் சுவரை மாற்றுவது இலவசம். நேர் வெயில் என்றால் சாய மை சீக்கிரம் வெளுக்கும், நிறமி மை கொஞ்சம் தாங்கும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி வெளுப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

சின்ன ஃபைலைப் பெரிதாக்குவது

24×36 பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 7200×10800 பிக்சல் வேண்டும். தள்ளி நின்று பார்க்கிற சுவர் என்றால் இதில் பாதி போதும். தேடலில் முதலில் கிடைத்த படத்தை எடுக்காதீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் போன்றவை பெரிய ஃபைல்களை இலவசமாகவே தருகின்றன. நிறமும் அங்கேதான் நம்பும்படி இருக்கும்.

இடவலம் மாறிய பிரிண்ட்

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை இடப்பக்கம் எழுந்து வலப்பக்கம் வளையும். மாறியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

நங்கூரமும் கயிறும் ஒட்டிய சட்டம்

வேண்டாம்.

ஒற்றை ஆணி

பெரிய சட்டத்துக்கு இரண்டு கொக்கி. அப்புறம், கீழ் மூலைகளின் பின்னால் மூலைக்கொரு ஃபெல்ட் துணித் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போய்வர இடம் கிடைக்கும், பூஞ்சை பிடிக்காது.