விருப்பத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: வேரைப் பிடித்துப் படிக்கும் முறை

மொரிஷியஸில் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் எது பிடித்தாலும் 'லைக்', கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் 'லைக் வெரி மச்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ப்ரெஃபர் (ஒன்றைவிட மற்றொன்றை விரும்புதல்), பயஸ் (ஒருபக்கச் சார்பு), இன்க்ளினேஷன் (மனச்சாய்வு) எல்லாம் ஓரமாகவே நிற்கின்றன. இவற்றை மனப்பாடம் செய்தால் தங்காது. வேரைப் பார்த்துப் படித்தால் தங்கும். என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை இது.

படி 1: நோட்டுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி போடுங்கள். சொல், வேரில் உள்ள காட்சி, கூட வரும் ப்ரெபொசிஷன் (டு, இன், ஃபார் போன்ற சிறு சொல்). மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், பிழை அதிகம் வருவது அங்கேதான்.

படி 2: ஆங்கிலச் சொற்களின் வேரைச் சொல்லும் எட்டிமான்லைன் தளத்தைத் திறவுங்கள். இலவசம், ஃபோனிலேயே பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த மகத்தான உழைப்பு. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாம்.

படி 3: சாயும் சொற்களை ஒரே இடத்தில் எழுதுங்கள். பான்ஷான் (ஒன்றின்மேல் உள்ள தனி விருப்பம்) என்பது பிரெஞ்சில் சாய்வதைக் குறிக்கும் 'பான்ஷே'யிலிருந்து வந்தது. பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் நமக்கு இது கையிலேயே இருக்கிறது. இன்க்ளினேஷனும் லத்தீனில் சாய்தல்தான். ப்ரொக்ளிவிட்டியில் (இயல்பான நாட்டம்) இருப்பது 'க்ளிவஸ்', அதாவது சரிவு. கெட்ட பழக்கங்களைச் சொல்லவே அதிகம் வரும், எனவே சமையல் ஆசைக்கு அதைப் போடாதீர்கள். பயஸ், கோணலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். புல்தரையில் ஆடும் போல்ஸ் ஆட்டத்தில் உருட்டும் பந்து ஒரு பக்கமாக வளைந்து ஓடும், அந்த வளைவுக்கும் பயஸ் என்றுதான் பெயர். நாமும் மனம் ஒரு பக்கம் சாய்கிறது என்றுதானே சொல்கிறோம்?

ப்ரெஃபர் தனி. லத்தீனில் 'ப்ரே' என்றால் முன்னே, 'ஃபெர்ரே' என்றால் சுமந்துசெல்லுதல். ஒன்றை இன்னொன்றுக்கு முன்னே கொண்டுபோய் வைக்கிறோம். ஆகவே 'ப்ரெஃபர் தால்பூரி டு ப்ரெட்'. 'விட' என்று பொருள்படும் ஆங்கில 'தேன்' வராது.

படி 4: லைக். எளிய சொல் என்று தாண்டிப் போகாதீர்கள், இங்கே நிதானமாக உட்காருங்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் பிடித்திருத்தல், மனத்துக்கு உகந்திருத்தல். பிடித்த பொருள்தான் எழுவாய், பிடிக்கிற ஆளுக்கு நான்காம் வேற்றுமை. அப்படியே நம் 'எனக்குப் பிடிக்கும்'! ஹாம்லெட் நாடகத்தில்கூட அரசன் 'இட் லைக்ஸ் அஸ் வெல்' என்கிறான். அது எமக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். காலப்போக்கில் ஆள் எழுவாயாகி 'ஐ லைக்' நிலைத்துவிட்டது. மொரிஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில் 'மோ கோன்தான் தால்பூரி' (எனக்குத் தால்பூரி பிடிக்கும்) என்னும்போதும் ஆள்தான் முன்னால் நிற்கிறார். ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது கிரியோல் வரிசை கைகொடுக்கும். தமிழ் வரிசை பழைய ஆங்கிலத்தைப் புரியவைக்கும். இரண்டும் வீட்டிலேயே இருப்பது எவ்வளவு பெரிய வசதி!

படி 5: வேரை இன்றைய பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரியத்தைச் சொல்லும் 'ஃபாண்ட்' ஒரு காலத்தில் மடத்தனத்தைக் குறித்தது. இன்று பாட்டியிடம் உள்ள பாசத்துக்கும் தாராளமாக எழுதலாம். கோன்தானுக்கு உறவான 'கன்டென்ட்' இருப்பதில் நிறைவு கொள்வதை மட்டுமே சொல்லும், ஆசையைச் சொல்லாது.

பிறகு சேர்த்தது: 'மோஸ்ட் ஃபேவரிட்' எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம், ஃபேவரிட் என்றாலே எல்லாவற்றிலும் பிடித்தது என்றாகிவிடுகிறது. இன்னொருவர் 'டேஸ்ட்' பற்றிக் கேட்டார். தொட்டுப் பார்ப்பதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. இசையில் ஒருவருடைய ரசனையைச் சொல்ல 'டேஸ்ட் இன்', ஊறுகாய்மேல் உள்ள ஆசையைச் சொல்ல 'டேஸ்ட் ஃபார்'. இரண்டையும் மூன்றாம் பத்தியில் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.