சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

மாயவரத்தில் தாத்தா கட்டிய வீடு. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. சமையலறையின் பின்சுவரில் ஐப்பசி பிறந்தால் முழங்கால் உயரத்துக்கு ஓதம் (ஈரக் கசிவு) ஏறிவிடும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கொத்தனார் சொன்னாரென்று வாட்டர்புரூஃப் பவுடர் கலந்து மூன்றடிக்கு சிமெண்ட் பூசினோம். இரண்டே மழைக்காலம். சிமெண்ட் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே நாலடி உயரத்தில் பழைய காரை உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காய்க் கொட்டியது. பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன் (அம்மா திட்டினாள்). கரித்தது. சுண்ணாம்புக் காரை மூச்சு விடும், ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போகும். அந்த வழியைச் சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரம் அதைத் தாண்டி மேலே ஏறும்.

அதனால் கரணையை எடுப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். எங்கள் வீட்டில் கொல்லைத் தளத்தை உயர்த்தி உயர்த்தி, உள்தரையை விட அரையடி மேலே கொண்டுபோயிருந்தோம். துவைக்கிற தண்ணீர் முழுக்கச் சுவரோரமே நின்றது. தளத்தை உடைத்து மண்ணை வெட்டி, வாட்டம் வெளிப்பக்கம் போகும்படி மாற்றினோம். பாதி வேலை இதுதான். ஈரம் சுவருடையதா, அறைக் காற்றுடையதா என்று சந்தேகமிருந்தால் இரண்டடிப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் முத்து முத்தாய் நீர் கோத்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. முன்பக்கம் கோத்தால் சமையலறைக்கு ஜன்னல் போதவில்லை.

அலமாரிக்குப் பின்னால் கறுப்பாய்ப் படிந்த பூஞ்சையை வறட்டுத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், வீடெங்கும் பறக்கும். என்95 மாஸ்க் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தெடுங்கள். உப்புக்கு நேர்மாறு. கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விரித்த செய்தித்தாளோடு வாரி வெளியே கொட்டுங்கள்.

பிறகு நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல காரை 'டக்' என்னும். கழன்ற இடம் பானையைத் தட்டுவது போல் பொள்ளென்று கேட்கும். அதையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, வட்டத்துக்கு ஓரடி வெளியே வரை சிமெண்டோடு சேர்த்துக் கொத்தியெடுங்கள். செங்கல் இடுக்கில் உதிர்கிற பழைய சாந்தை அரை அங்குலம் சுரண்டுங்கள். நாங்கள் தை மாதம் கொத்திவிட்டுப் பங்குனி வரை சும்மா விட்டோம். பொறுமை போகும்தான். ஆனால் ஈரச்சுவரில் பூசினால் கூலி தண்டம்.

புதுக் காரைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போது (நீர் சேர்த்துக் குழம்பாக்கும்போது) தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். இரண்டு வாரம் ஊறியபின் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்று மணல். செங்கல்லில் தண்ணீர் தெளித்து, ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். மறுநாள் மயிரிழை விரிசல் விட்டிருக்கும், பயப்பட வேண்டாம். லேசாய் நீர் தெளித்து மரக்கட்டையால் வட்டமாய்த் தேய்த்தால் மூடிக்கொள்ளும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாய்க் காய விடுங்கள். பத்து நாள் கழித்து மெல்லிய இரண்டாம் பூச்சு.

மேலே பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்புதான், நாலு கோட். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அதுவும் ஈரத்தின் வழியை அடைக்கும், பழைய கதைதான்.

போன ஐப்பசியில் அடியில் ஒரு சாண் கறுத்தது. தைக்குள் காய்ந்துவிட்டது, காரை ஒன்றும் உதிரவில்லை. அலமாரியை மட்டும் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போட்டிருக்கிறேன். பின்னால் கரண்டி விழுகிறதென்று அம்மாவுக்குத் தினமும் முணுமுணுப்பு.