ட்வீட்டர் தெளிந்தது, பேஸ்தான் அடங்க மறுத்தது

வீட்டு ஸ்பீக்கர்களில் படம் பார்க்கும்போது வசனமெல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. உயர் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து, உயர், தாழ் ஒலிகளைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் போர்டைச் சோதித்தால், 4.7 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் மீட்டரில் 3.2 காட்டியது. வயசாகிவிட்டது, பாவம்.

அதே மதிப்பில் பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டர் வாங்கினேன். பழையது சுண்டுவிரல் நுனியளவு. புதியது கட்டைவிரல் தடிமன். போர்டில் உட்காரவே இல்லை. படுக்கவைத்து, டை போட்டுக் கட்டி சால்டர் செய்தேன். வசனம் தெளிந்தது, ஆனால் 'ஸ' ஒலி காதைக் கூசியது. ஃபிலிம் வகைக்கு உள்தடை குறைவு என்பதால் ட்வீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போகிறது. தொடரில் 0.5 ஓம் ரெசிஸ்டர் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

பேஸ், அதாவது தாழ் ஒலி, வேறு கதை. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் அவற்றை 'ஸ்மால்' என மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன்; அதற்குக் கீழான ஒலி பேஸுக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபருக்குப் போகும். சப்வூஃபரில், தாழ் ஒலியை மட்டும் விடும் லோபாஸ் வடிகட்டியின் குமிழை உச்சத்துக்குத் திருப்பினேன். இல்லாவிட்டால் இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அப்படியும் 40 ஹெர்ட்ஸ் அருகே ஒரே முழக்கம். அறையின் நீளம் 4.3 மீட்டர், சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்புவதால் அதில் எழும் நிலையலை சரியாக அங்கேதான் விழுகிறது.

கடைசியில் சப்வூஃபரைத் தூக்கி நான் உட்காரும் சோபாவில் வைத்து, பேஸ் பாட்டை ஓடவிட்டு, அதற்கு நல்ல இடம் தேடிச் சுவரோரமாகத் தவழ்ந்தேன். வீட்டில் ஒரே சிரிப்பு. மூலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பேஸ் சீராகக் கேட்ட இடத்திலேயே இப்போது சப் இருக்கிறது.