சயாம் மரண ரயிலை வகுப்பறையில் கதையாக நிகழ்த்துவது எப்படி

கதைசொல்லல் நாடகத்தில் அரங்க அமைப்பும் ஒப்பனையும் இல்லை. ஓரிருவர் கதையைச் சொல்லிக்கொண்டே இடையில் கதைமாந்தராக மாறி, மீண்டும் சொல்பவராகத் திரும்புவார்கள். தெருக்கூத்தின் கட்டியக்காரனையும் வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ போடும் குழுவையும் அறிந்த நமக்கு இது அந்நியமான கலை அன்று. சொல்பவர் விரும்பிய கணத்தில் கதையை நிறுத்தி, “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்க முடிவதால் போர்க்கால வரலாற்றுக்கு இது மிகவும் பொருந்துகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே அமைத்த, மலாயாத் தோட்டத் தமிழர்கள் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட ரயில் பாதையை வைத்து, இதைத் தயாரிக்கும் முறையைப் பார்க்கலாம்.

முதலில் கதையின் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தன. இவ்விரு தேதிகளுக்கு இடையில், ஒரே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழும் ஒரு குடும்பம் போதும். ரப்பர் ஏற்றுமதி நின்றதால் பால்மரக் காட்டில் வேலை இல்லாமல் போனதையும், அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே உணவானதையும், வாழை மரப் படம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்ததையும் நிதானமாகச் சொல்லுங்கள். கூலி தருவதாகச் சொன்ன பேச்சை நம்பிச் சிலர் ஏன் தாமாகவே லாரியில் ஏறினார்கள், பிறகு ஏன் ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று என்பது இந்தப் பின்னணி இல்லாமல் மாணவர்களுக்குப் புரியாது. பெரும்பாலான பள்ளி நாடகங்கள் இப்பகுதியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அடி உதைக்குத் தாவிவிடுகின்றன.

அடுத்தது சான்று. இவ்வடிவத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு வட்டங்களை வரையுங்கள். ஆவணத்தில் உள்ளதையும் உயிர் மீண்டவர்கள் கூறியதையும் சொல்லும்போது முதல் வட்டத்தில் நிற்க வேண்டும். நீங்கள் புனைந்த குடும்பத்தின் பேச்சையும் எண்ணங்களையும் சொல்லும்போது இரண்டாவதில் நிற்க வேண்டும். போர்க்கைதிகளாக அங்கு வேலை செய்த நேச நாட்டு வீரர்கள் 60,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் முதலிய ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. அவர்களுள் சுமார் 90,000 பேர் இறந்தனர் என்ற மதிப்பீடு பரவலாகச் சொல்லப்பட்டாலும், வேறு மதிப்பீடுகளும் உள்ளன. இதைச் சொல்லும்போது முதல் வட்டத்துக்கு வந்து, ஒரு தரப்பின் கணக்கு இவ்வளவு திட்டமாகவும் மறு தரப்பின் கணக்கு இவ்வளவு மங்கலாகவும் இருப்பது ஏன் என்று மாணவர்களிடமே கேளுங்கள். கைதிகள் ஒளித்து வைத்த நாட்குறிப்புகளும் ஓவியங்களும் எஞ்சின. எழுதப் படிக்க வாய்ப்பே பெறாத பலரின் அனுபவம் வாய்மொழியாகவே வந்தது. அந்த விடையை அவர்களே கண்டடையும்வரை காத்திருக்கலாம்.

வன்முறையை நடித்துக் காட்ட வேண்டாம். ஒரு மாணவனைக் காவலனாகவும் மற்றொருவனை அடிபடுபவனாகவும் நிறுத்தினால், விளையாட்டுத்தனமோ அவமானமோ எஞ்சுமேயன்றி வரலாறு எஞ்சாது. ஜப்பானியச் சிப்பாயை உடைந்த தமிழில் பேசவைத்துச் சிரிப்பு மூட்டும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவிய பகுதிக்கு ஒரு சாக்கும் ஒரு தகரக் குவளையும் போதும்: சொல்பவர் சாக்கை விரித்துக் குவளையை அதன்மேல் வைத்து, யார் திரும்பி வரவில்லை என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நகரலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுவும் தேவையில்லை. தோட்டத்தில் காத்திருந்தவர்களின் பக்கத்திலிருந்து கதையைச் சொன்னால் போதும்.

மாணவர்களின் பங்கு குரலில் இருக்கட்டும். தண்டவாளக் கட்டைகளை எண்ணும் குரல், மழையின் ஓசை, வில்லுப்பாட்டுப் பாணியில் ‘ஆமாம்’ போடுதல் ஆகியவற்றை ஐந்து நிமிடத்தில் பழக்கிவிடலாம்.

நாற்பது நிமிடப் பாடவேளையில் கதைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கதை முடிந்ததும், ரயில் வேலைக்கு ஆள் பட்டியல் எழுதிய தோட்டக் கிராணியாக (எழுத்தராக) நீங்கள் நாற்காலியில் அமர்ந்து, மாணவர்களின் கேள்விகளுக்கு அவர் இடத்திலிருந்து பதில் சொல்லுங்கள். கிராணியைக் கொடியவராகவும் ஆக்க வேண்டாம், அப்பாவியாகவும் ஆக்க வேண்டாம். பெயர் எழுத மறுத்தால் தம் குடும்பத்துக்கு என்ன நேரும் என்று அஞ்சிய மனிதராக அவர் பேசட்டும். விடை தெரியாத கேள்வி வந்தால் எழுந்து முதல் வட்டத்துக்குப் போய், அதற்குச் சான்று உங்களிடம் இல்லை என்று நேராகச் சொல்லிவிடலாம். பிறகு மாணவர்கள் தம் நோட்டில், கேட்டவற்றுள் எவை சான்று, எவை புனைவு என்று பிரித்து எழுத வேண்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பார்த்தால், அடுத்த நிகழ்வில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மலேசியாவில் நிகழ்த்துவோர் ஒன்றை முன்கூட்டியே செய்ய வேண்டும். வகுப்பில் சிலரின் கொள்ளுத் தாத்தாவே சயாமுக்குப் போனவராக இருக்கலாம் என்பதால், ஒரு வாரத்துக்கு முன்பே பெற்றோருக்குக் கடிதம் அனுப்புங்கள். குடும்பக் கதையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தாதீர்கள். தானாக முன்வந்து சொன்னால், சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பவற்றை அனுமதி பெற்றுக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு நிகழ்வில் முதல் வட்டத்தில் நின்று சொல்லுங்கள்.