தொகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்: திரைக்கதை ஒப்பந்தத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

போன மாதம், இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சட்ஸ்வர்த் பகுதியிலிருந்து என் தங்கை மகள் ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பதினோரு பக்கம். அவள் எழுதிய நகைச்சுவைக் கதையை ஒரு தயாரிப்பாளர் படமாக எடுக்கப்போகிறாராம். "பெரியம்மா, பணம் நல்லாத்தான் இருக்கு, போட்டுடவா?" என்றாள். அவள் பார்த்தது முதல் பக்கத்திலிருந்த தொகையை. என் கண் போனது ஏழாம் பக்கத்துக்கு: இரண்டாம் தவணை, ஒளிபரப்பு நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகு.

அந்த ஒரு வரியால் நான் பதினான்கு மாதம் அலைந்தவள். ஆறு பாகத் தொடர் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சேனலில் ஆள் மாறினார்கள், நிகழ்ச்சி நேரம் மாறியது, வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தயாரிப்பாளரைக் கேட்டால், "சேனல் இன்னும் சொல்லலையே அக்கா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தப்படி அவர் எனக்கு எதுவும் தரவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஆக, பெரிய தவறு இதுதான்: எவ்வளவு என்று கேட்டுவிட்டு, எப்போது என்று கேட்காமல் விடுவது. பணம் எந்தச் செயலோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் செயல் உங்கள் கையில் இருக்கவேண்டும். டிரீட்மென்டை, அதாவது கதையின் விரிவான சுருக்கத்தை, ஒப்படைத்ததும், முதல் டிராஃப்டை ஒப்படைத்ததும் என்று இருந்தால் சரி. மூன்றாவது ஆள் ஒப்புக்கொண்டதும், நிதி கிடைத்ததும், படப்பிடிப்பு தொடங்கியதும் என்று இருந்தால் அது சம்பளம் இல்லை, லாட்டரி. அரசு நிதி அமைப்புகள் தவணை தவணையாகத்தான் பணம் விடுவிக்கின்றன, அதனால் எங்களுக்கும் வேறு வழியில்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தயாரிப்பு என்பது அவர் எடுத்துக்கொண்ட தொழில். அதில் உள்ள ஆபத்தை எழுதுகிறவர் ஏன் சுமக்கவேண்டும்? படப்பிடிப்பின் முதல் நாளில் ஒரு போனஸ் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எழுதியதற்கான கூலியை அங்கே கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.

அமெரிக்க எழுத்தாளர் கில்டின், அதாவது அங்குள்ள திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தின், ஒப்பந்தத்தில், பிரதியை ஒப்படைத்த 48 மணி நேரத்துக்குள் பணம் தர முயலவேண்டும், எப்படியும் 7 நாளுக்குள் தந்துவிடவேண்டும் என்றிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்களை மட்டும்தான் அது கட்டும். தென்னாப்பிரிக்காவிலும் எழுத்தாளர் கில்டு இருக்கிறது, ஆலோசனை கேட்கலாம், உறுப்பினராவதும் நல்லது. ஆனால் இங்கே வெளியிலிருந்து எழுதிக்கொடுக்கும் ஒருவருக்கு அப்படிக் குறைந்தபட்சக் கூலியோ கெடுவோ சட்டப்படி கிடையாது. பேசி எழுதிக்கொண்டதுதான் உண்டு. அதனால்தான் இணையத்திலிருந்து அமெரிக்க மாதிரி ஒப்பந்தத்தை இறக்கிப் பெயரை மட்டும் மாற்றுவது ஆபத்து. அதில் ஒர்க் ஃபார் ஹயர் என்றொரு சொல் வரும், எழுதச்சொன்னவரே படைப்பாளர் என்று கொள்ளும் ஏற்பாடு. அது அமெரிக்கச் சட்டத்தின் சங்கதி, நம் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அதன் அர்த்தம் என்ன என்று பின்னால் வழக்கறிஞர்கள் இருவர் சண்டை போடுவார்கள், இருவருக்கும் ஃபீஸ் ஓடும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கவேண்டும். 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும். ஒரு புகைப்படத்தையோ திரைப்படத்தையோ காசு கொடுத்து எடுக்கச்சொன்னால், சொன்னவருக்கே உரிமை. ஆனால் திரைக்கதை இலக்கியப் படைப்பு என்ற வகையில் வருகிறது, அந்தப் பட்டியலில் அது இல்லை. எனவே காசு வாங்கிக்கொண்டு எழுதினாலும், வெளியிலிருந்து எழுதுகிறவர் ஊழியர் இல்லை என்றால், பிரதியின் உரிமை அவரிடமே நிற்கும். அதை இன்னொருவருக்கு மாற்றவேண்டுமானால் எழுத்தில், உரிமையைக் கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்கவேண்டும். வாய்ச்சொல்லால் மாறாது.

அப்படியானால் கையெழுத்தே போடாமல் இருந்துவிட்டால்? அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஒருவருக்கு மட்டுமே என்றில்லாத அனுமதியை வாய்மொழியாகவும் தரலாம், நடத்தையிலிருந்தும் ஊகிக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் பணம் வாங்கி, பிரதியைக் கொடுத்து, படப்பிடிப்புக்கும் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தால், படமெடுக்க அனுமதி தந்தீர்கள் என்று தயாரிப்பாளர் வாதிடலாம்.

நான் தங்கை மகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரி இது: எழுத்துக்கான முழுத் தொகையும் கைக்கு வந்த நாளில்தான் பதிப்புரிமை தயாரிப்பாளருக்கு மாறும். அவள் கொண்டுவந்த ஒப்பந்தத்தில், கையெழுத்திட்ட நாளிலிருந்தே, எல்லா ஊடகத்துக்கும், எந்நாளைக்கும், பிரபஞ்சம் முழுவதற்கும் என்றிருந்தது. பிரபஞ்சத்தைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, செவ்வாய்க் கிரகத்தில் யார் பார்க்கப்போகிறார்கள். ஆனால் பணம் பாதி வந்து பாதி நின்றால், உரிமையும் போய்ப் பணமும் போய் வெறும் கடன்காரனைத் தேடும் ஆளாக நிற்கவேண்டிவரும். இன்னொரு வரியும் வேண்டும்: இத்தனை ஆண்டுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை திரும்பி வரும் என்று. தயாரிப்பாளருக்கு இன்னும் நிதி உறுதியாகவில்லை என்றால், முழு உரிமைக்குப் பதிலாக ஆப்ஷன் கொடுங்கள், அதாவது குறித்த காலத்துக்குள் உரிமையை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை மட்டும். ஒரு சிறு தொகைக்கு ஓராண்டு காத்திருப்பு, நீட்டித்தால் மறுபடி தொகை. ஆப்ஷனைச் சும்மா கொடுக்காதீர்கள்.

அடுத்தது திருத்தம். தயாரிப்பாளர் திருப்தி அடையும்வரை என்ற சொற்றொடரைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுங்கள். திருப்தி என்பதற்கு அடிமட்டம் கிடையாது. தயாரிப்பாளர் ஒன்று சொல்வார், இயக்குநர் நேர்மாறாகச் சொல்வார், தயாரிப்பாளரின் மைத்துனர் கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே கதாநாயகியை மாற்றுவார். இரண்டு சுற்றுத் திருத்தம், அப்புறம் ஒரு பாலிஷ், அதாவது சின்னச் சின்ன மெருகேற்றல், என்று எண்ணிக்கையை எழுதுங்கள். குறிப்புகள் எல்லாம் ஒரே ஆவணமாக, ஒரே ஆளிடமிருந்து வரவேண்டும். பிரதி கொடுத்து இத்தனை நாளுக்குள் குறிப்பு வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்றும் சேருங்கள். எனக்கு அந்தக் கடைசி வரி இருந்திருந்தால் பதினான்கு மாதம் மிச்சம்.

இனி வாய்வாக்கு. "அதெல்லாம் பாத்துக்கலாம்மா, ஒப்பந்தத்தில அப்படித்தான் போடுவாங்க" என்று தயாரிப்பாளர் போனில் சொன்னதை நம்புவது நம் ஊரில் பரவலான வழக்கம். எழுத்தில் கையெழுத்திட்டால் ஒழிய இந்த ஒப்பந்தத்தில் எந்த மாற்றமும் செல்லாது என்ற விதி கடைசிப் பக்கத்தில் இருக்கும். நம் நீதிமன்றங்கள் 1964-இல் வந்த ஷிஃப்ரன் வழக்குத் தீர்ப்பிலிருந்து இந்த விதியைக் கறாராக மதிக்கின்றன. அதாவது போனில் கொடுத்த வாக்கு காற்றோடு போகும். ஆறுதலான செய்தி ஒன்று: 2014-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், மின்னஞ்சலின் கீழே தட்டச்சு செய்த பெயரையே கையெழுத்தாக ஏற்று, ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொண்டது செல்லும் என்றது. ஆகவே போனில் பேசி முடித்ததும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அவர் பெயரோடு பதில் வரட்டும்.

பெயர் விஷயம். படைப்பாளர் என்று உரிமை கோரவும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் திரைப்படத்துக்கு எழுத ஒப்புக்கொண்டவர், வணிக நோக்கத்துக்கு முற்றிலும் அவசியமான மாற்றங்களை எதிர்க்க முடியாது என்று அதிலேயே விலக்கும் இருக்கிறது. டைட்டில் கார்டில் எங்கே, எந்தச் சொல்லில், போஸ்டரில் உண்டா, இன்னொருவர் திருத்தினால் யார் பெயர் முதலில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நிகர லாபத்தில், அதாவது செலவெல்லாம் போக மிஞ்சினால் மிஞ்சுவதில், ஐந்து சதவீதம் என்றால் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்காக முன்பணத்தில் ஒரு ராண்டும் குறைக்காதீர்கள்.

உத்தரவாதப் பிரிவை நம்மவர்கள் படிப்பதே இல்லை. இதில் யாரையும் அவதூறு செய்யவில்லை, செய்திருந்தால் நஷ்டம் என் பொறுப்பு என்று அதில் இருக்கும். கோயிலில் கூழ் ஊற்றும் வரிசையில் சண்டை போட்ட பக்கத்து வீட்டு ஆன்ட்டியை அப்படியே கதையில் இறக்கிவிட்டு இதில் கையெழுத்துப் போடுவது துணிச்சல்தான். எனக்குத் தெரிந்தவரை என்ற சொல்லைச் சேருங்கள், பொறுப்புக்கும் உச்சவரம்பு வையுங்கள், நீங்கள் வாங்கிய தொகைக்கு மேல் போகாதபடி. தயாரிப்பாளர் நுழைத்த காட்சிகளுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதும் வேண்டும்.

பணம் வராவிட்டால் என்ன செய்வது? சிறு வழக்கு நீதிமன்றத்தில் 2019 முதல் 20,000 ராண்ட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. முதலில் 14 நாள் கெடு கொடுத்து எழுத்தில் கோரிக்கை அனுப்பவேண்டும். ஆனால் அங்கே தனிநபர்தான் வழக்குப் போட முடியும், கம்பெனியால் முடியாது. வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று சொந்தக் கம்பெனியின் பெயரில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த வாசலை மூடிக்கொள்கிறார்கள். தயாரிப்பாளரின் கம்பெனியின் மேல் நீங்கள் தனிநபராக வழக்குப் போடத் தடையில்லை. பொதுவாக மூன்று ஆண்டில் கடன் காலாவதியாகும். உறவு கெடுமே என்று தள்ளிப்போட்டால் நாள்காட்டி உறவு பார்க்காது.

வரியைப் பற்றி ஒரே வரி: பணத்தில் எதையும் பிடிக்காமல் தந்தார்கள் என்றால் அது முழுவதும் உங்களுடையது இல்லை, ஆகஸ்ட் முடிவிலும் பிப்ரவரி முடிவிலும் இடைக்கால வரி கட்டவேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளருக்கு ராயல்டியில் பங்கு என்று அந்த மசோதாவில் இருப்பது உண்மை. 2017-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, 2024 அக்டோபரில் அதிபர் அதை அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதை நம்பி இன்றைய ஒப்பந்தத்தில் ராயல்டியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தங்கை மகள் நான்கு மாற்றம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றுக்குச் சரி என்று பதில் வந்தது, கீழே தயாரிப்பாளரின் பெயரோடு. நான்காவது, முழுப் பணம் வந்தபின் உரிமை மாற்றம் என்ற வரி. அதற்கு இன்னும் பதில் இல்லை. அவளும் இன்னும் போடவில்லை.